அய்டா ஸ்கடர்: தீட்டென ஒதுக்கப்பட்ட பணி கல்வியான வரலாறு

காலை ஆறு மணிக்கு எம்.கே.பி. நகர் பேருந்து நிறுத்தத்தில் நிற்போரிடையே மருத்துவமனைக்குச் செல்லும் பெண்களை எளிதாக அடையாளம் காணலாம். ஒருவர் செவிலியர். இன்னொருவர் ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக வேலைக்குச் செல்லும் துப்புரவுப் பணியாளர். மூன்றாமவர் செவிலியர் கல்லூரி மாணவி. மூவரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். ஒரே குடும்பத்தவராகவும் இருக்கலாம். ஸ்டான்லிக்கோ ராயபுரத்துக்கோ சென்று சேர்ந்தபின் மூவரும் நோயாளியின் உடலையும் குருதியையும் கழிவையும் தொடப் போகிறவர்கள்தாம். ஆனால் மூவருக்கும் கிடைக்கும் ஊதியமும் மரியாதையும் பணிப் பாதுகாப்பும் வேறு வேறு.

இந்தப் படிநிலை எப்படி உருவாயிற்று? தொட்டால் தீட்டு என்று கருதப்பட்ட ஒரு பணி எப்போது பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் உடைய கல்வியாயிற்று? அந்தக் கல்வியின் கதவு யாருக்குத் திறந்தது, யாருக்குப் பாதி மட்டும் திறந்தது? இவற்றைச் சிந்திப்பதற்காகவே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனர் அய்டா சோஃபியா ஸ்கடரின் வாழ்க்கையை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அவர் செவிலியர் அல்லர், மருத்துவர். எனினும் தமிழ்நாட்டில் செவிலியர் கல்வியின் இரண்டு முக்கியத் திருப்பங்கள், 1909-ஆம் ஆண்டின் பயிற்சிப் பள்ளியும் 1946-ஆம் ஆண்டின் பட்டப்படிப்பும், அவர் எழுப்பிய நிறுவனத்திற்குள்தான் நிகழ்ந்தன. அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் ஒரு புனிதரின் கதையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. அதைச் சேரியின் பக்கத்திலிருந்து மறுபடியும் வாசிக்க வேண்டிய தேவை நமக்கு இருக்கிறது.

பஞ்சமும் மூன்று மரணங்களும்

அய்டா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் பணியாற்றிய மருத்துவ மறைப்பணியாளர். அய்டாவின் தந்தை இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. ஸ்கடர் குடும்பத்தின் பிள்ளைகள் 1853-இல் நிறுவிய ஆர்க்காடு மிஷனின் கிராமச் சபைகளில் பெரும்பான்மையோர் பறையர் சமூக மக்கள். நிலமற்ற, கிணற்றில் நீரெடுக்க உரிமையற்ற அம்மக்கள் கோயிலும் பள்ளியும் தேடி ஊர் ஊராகத் திரண்டு வந்தபோது அந்த மிஷன் வளர்ந்தது. ஸ்கடர் குடும்பத்தின் பெருமை பேசப்படும் இடங்களில் இந்த அடித்தளம் பேசப்படுவது குறைவு.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது அய்டா சிறுமி. வாசலில் வந்து நின்ற குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கையால் ஊட்டிய நினைவு அவரை இறுதிவரை விடவில்லை. அந்தப் பஞ்சத்தில் முதலில் வீழ்ந்தவர்கள் தானியம் சேமித்து வைக்க நிலமோ பத்தாயமோ இல்லாத கூலி மக்கள். இதனை வடசென்னை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தால் வாடியோருக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இருக்கிறது. அதனால்தான் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று இப்பகுதி முதியோர் இன்றும் அழைக்கின்றனர். நம் பகுதியில் பஞ்சத்தின் வரலாறும் மருத்துவமனையின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

அய்டா அமெரிக்காவில் நார்த்ஃபீல்ட் பள்ளியில் படித்தார். மறைப்பணிக்கு வரும் எண்ணம் அவருக்குத் துளியும் இருக்கவில்லை. தாயார் நோயுற்றதால் 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தவர், விரைவில் திரும்பிவிடவே திட்டமிட்டிருந்தார். அங்கு ஓர் இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வலியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தம் தந்தை மருத்துவர், அவர் வந்து பார்ப்பார் என்று அய்டா சொல்லியும் ஆண் மருத்துவர் தங்கள் பெண்களைத் தொடுவதற்கு அவர்கள் இசையவில்லை. மருத்துவம் அறியாத அய்டாவையே வரும்படி வேண்டினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். மருத்துவம் படித்துத் திரும்பி வருவதென்று அன்று அவர் முடிவெடுத்தார்.

இக்கதை உலகெங்கும் மேடைகளில் சொல்லப்பட்டு வருகிறது. நாம் இதை இரண்டு விதமாக வாசிக்கிறோம். முதலாவதாக, சாதியும் ஆணாதிக்கமும் இணைந்து தம் வீட்டுப் பெண்களையே எவ்வாறு கொல்லும் என்பதற்கு இது சாட்சி. குலத்தின் தூய்மை என்பது பெண்ணுடலைக் காவல் காப்பது. அந்தக் காவல் மருத்துவரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. இரண்டாவதாக, அந்த இரவில் கதவைத் தட்டியவர்கள் மருத்துவரை மறுக்கும் நிலையில் இருந்தவர்கள். சேரிப் பெண்ணின் கணவனுக்கு மறுப்பதற்கென ஒரு மருத்துவர் இருந்ததில்லை. அவளுடைய பேறுகாலத்துக்குச் சேரியின் மூத்த பெண்களே துணை. அவள் இறந்தால் அது யாருடைய வாழ்க்கையையும் திருப்பும் நிகழ்ச்சியாகப் பதிவாகவில்லை. இதனைச் சொல்வது அய்டாவைக் குறைத்து மதிப்பிடுவதற்கன்று. எந்த மரணங்கள் வரலாறாகின்றன என்னும் கேள்வியை நாம் தவறவிடக் கூடாது என்பதற்காகவே.

சமையற்கட்டிலிருந்து வந்த முதல் உதவியாளர்

பெனிசில்வேனியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அய்டா, நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். புறப்படும் முன் பெண்களுக்கான மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். ஷெல் என்னும் வங்கியாளர் மறைந்த தம் மனைவி மேரி டேபரின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். தோழி ஆனி ஹான்காக்குடன் 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அய்டா வேலூர் வந்து சேர்ந்தார். உடனிருந்து கற்பிக்க வேண்டிய தந்தை சில மாதங்களிலேயே இறந்துபோனார். இளம் மருத்துவர், அதுவும் பெண். நோயாளிகள் தயங்கினர். பெற்றோர் வீட்டின் ஓர் அறையே முதல் மருந்தகமாயிற்று.

அந்த அறையில் அவருக்குத் துணை நின்றவர் சலோமி. ஸ்கடர் இல்லத்தில் வேலை செய்த பணியாளரின் மனைவி. பயிற்சி பெற்ற செவிலியர் எவரும் இல்லாத அந்த நாட்களில், அறுவைச் சிகிச்சையின்போது கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுத்துத் தரவும், நோயாளியைப் பிடித்துக்கொள்ளவும், காயம் கட்டவும் அய்டா அவரையே பழக்கினார். வேலூரின் செவிலியர் வரலாறு கல்லூரியிலோ விடுதியிலோ தொடங்கவில்லை; ஒரு பணியாளர் வீட்டுப் பெண்ணின் கைகளில் தொடங்கிற்று. மருத்துவக் கல்வியின் வரலாற்று நூல்கள் நிறுவனர்களின் பெயரைத் தலைப்பாக்கும். சலோமி போன்றோர் ஒரு வரியில் கடந்து போவார்கள். நாம் அந்த வரியில் நின்று வாசிக்கப் பழக வேண்டும்.

40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. கட்டடம் எழுந்ததும் அடுத்த சிக்கல் தெளிவாயிற்று. மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடங்களே நோயாளியின் அருகில் இருப்பார். இரவு முழுவதும் காய்ச்சலைக் கவனிப்பது, கட்டை மாற்றுவது, கழிவை அகற்றுவது, சிசுவைக் குளிப்பாட்டுவது ஆகியவற்றை யார் செய்வது?

தொடுதல் என்னும் தொழில்

இந்தக் கேள்வி இந்தியாவில் வெறும் நிர்வாகக் கேள்வி அன்று. பேறுகாலக் குருதியும் மலமும் சீழும் பிணமும் தீட்டு. அவற்றைக் கையாள்வதற்கென்றே சில சாதிகள் விதிக்கப்பட்டிருந்தன. ஊரில் பேறு பார்க்கும் மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண். தொப்புள்கொடி அறுத்து ஓர் உயிரை உலகுக்குக் கொண்டுவந்தவளை வீட்டின் உட்பகுதிக்குள் மறுநாள் அனுமதிக்காத சமூகம் இது. அறிவு இருந்தது, ஆனால் அந்த அறிவுக்கு மதிப்பு இல்லை. ஏனெனில் அது தீட்டைத் தொடும் கையின் அறிவு.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இலண்டனில் 1860-இல் தொடங்கிய பள்ளியின் தாக்கத்தில், செவிலியம் என்பது ஒழுங்கும் பயிற்சியும் வேண்டும் தொழில் என்னும் கருத்து உலகெங்கும் பரவிற்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-இல் நான்கு மாணவியருடன் தொடங்கிய பயிற்சிப் பள்ளி இந்தியாவின் முதல் செவிலியர் பள்ளியாகக் குறிப்பிடப்படுகிறது. அரசு மருத்துவமனைகளின் செவிலியர் இருக்கைகளில் அக்காலத்தில் ஐரோப்பியப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே மிகுதி. ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை இப்பணிக்கு அனுப்பவில்லை. அந்நிய ஆண்களின் உடலைத் தொடுவதும், இரவில் வெளியில் தங்குவதும், கழிவை எடுப்பதும் அவர்களுக்கு இழிவாகப்பட்டன. எனவே மிஷன் மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கிறித்தவப் பெண்கள், ஆதரவற்ற கைம்பெண்கள், மிஷன் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்த பெண்கள். தலித் கிறித்தவக் குடும்பங்களின் பெண்களுக்கு ஊதியமும் தங்குமிடமும் எழுத்தறிவும் ஒன்றாகக் கிடைத்த முதல் பொதுவாசல்களில் ஒன்றாகச் செவிலியம் அமைந்தது இவ்வாறுதான்.

வேலூரில் அந்த வாசல் 1909-இல் திறந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த செவிலியர் டெலியா ஹௌட்டனின் பொறுப்பில் ஷெல் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. சாதியால் இழிவாக்கப்பட்ட செயல்கள் ஒவ்வொன்றும் இங்கு ஒரு பாடமாயின. கை கழுவுதல் சடங்காக இல்லாமல் கிருமி பற்றிய அறிவாயிற்று. கழிவைப் பார்ப்பது நோயறியும் முறையாயிற்று. தீட்டு என்ற சொல் நின்ற இடத்தில் தொற்று என்ற சொல் வந்து நின்றது. தீட்டு பிறப்பால் ஒட்டுவது, போகாதது. தொற்று யாருக்கும் வரக்கூடியது, சோப்பும் நீரும் கொண்டு தடுக்கக்கூடியது. இந்தச் சொல்மாற்றத்தின் சமூகப் பொருளை அய்டாவோ ஹௌட்டனோ சாதி ஒழிப்பு அரசியலாக முன்வைக்கவில்லை. ஆயினும் அதன் விளைவு அவர்களுடைய நோக்கத்தைக் கடந்து சென்றது என்றே நாம் கருதுகிறோம்.

அதே பத்தாண்டில் சென்னை இராயப்பேட்டையில் சித்த மருத்துவர் ஒருவர் வேறொரு பாதையில் இதே தீட்டை எதிர்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து நினைவுகூர வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் தம் வார இதழைத் தொடங்கி, பறையர் எனப்பட்டோர் இழிந்தோர் அல்லர், அறிவு மரபின் உரிமையாளர்கள் என்று வரலாற்றையே மறுவாசிப்புச் செய்துகொண்டிருந்தார். வேலூரின் வார்டும் இராயப்பேட்டையின் அச்சுக்கூடமும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் நம்முடைய வரலாறு.

மரத்தடி மருந்தகமும் மருத்துவப் பள்ளியும்

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடிச் செல்லும் பணியையும் அய்டா தொடங்கினார். குடியாத்தம் சாலையில் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். முதலில் மாட்டுவண்டி, பின்னர் மோட்டார் வண்டி. செவிலியரும் மருந்தாளரும் உடன் செல்வர். சாலையோரம் யாருக்கும் சொந்தமான திண்ணை அன்று. ஊருக்குள் நுழைய அனுமதி தேவைப்பட்டவருக்கும் மரத்தடிக்கு வர அனுமதி தேவைப்படவில்லை. பின்னாளில் பொதுச் சுகாதாரச் செவிலியம் என்று பாடமாக்கப்பட்டதன் நடைமுறை வடிவம் இந்தச் சாலையில் உருவாகிக்கொண்டிருந்தது.

பெண் மருத்துவர்களை இங்கேயே உருவாக்க வேண்டும் என்னும் எண்ணம் 1918 ஆகஸ்டில் நிறைவேறிற்று. மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே வியப்பு என்று அரசின் மருத்துவத் துறைத் தலைவர் எச்சரித்திருந்தார். வந்தவை 151. பெண்களுக்கான மிஷனரி மருத்துவப் பள்ளியில் எல்.எம்.பி. என்னும் பட்டயப் படிப்பு தொடங்கிற்று. நான்காண்டுகளுக்குப் பின் இறுதித் தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினர். மாகாணத்தின் ஆண்கள் பள்ளிகளில் தேறியோர் விகிதம் அதைவிட மிகக் குறைவாக இருந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். மருத்துவப் பள்ளியில் சேரப் பள்ளியிறுதிக் கல்வியும் ஆங்கிலமும் வேண்டும். அக்காலத்தில் அத்தகுதியை எட்டிய தலித் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆகவே ஒரே வளாகத்துக்குள் இரண்டு வாசல்கள் அமைந்தன. பள்ளிக்கல்வியை முன்னரே பெற்றிருந்த சமூகங்களின் பெண்களுக்கு மருத்துவம். அதற்குக் குறைந்த படிப்புடன் வந்த எளிய குடும்பங்களின் பெண்களுக்குச் செவிலியம். அதற்கும் கீழே பயிற்சியும் சான்றிதழும் இல்லாத ஆயாக்களும் துப்புரவுத் தொழிலாளரும். அந்த ஏணியைச் சட்டம் போட்டு யாரும் சாதி ஏணியாக்கவில்லை. வெளியே இருந்த ஏணி உள்ளேயும் வந்து நின்றது. இந்தியாவின் எல்லா மருத்துவமனைகளுக்கும் பொருந்தும் உண்மை இது.

பட்டப்படிப்பும் விடைபெறுதலும்

1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு பட்டயப் படிப்பை நீக்கி எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பை மட்டுமே ஏற்பதென்று முடிவு செய்தது. பல்கலைக்கழக இணைப்புக்குத் தேவையான ஆசிரியர்களோ கருவிகளோ கட்டடங்களோ வேலூரிடம் இல்லை. மூடிவிடும் நிலை வந்தது. எழுபது வயதைக் கடந்த அய்டா 1941-இல் அமெரிக்காவுக்குச் சென்று, உலகப்போரின் நடுவே ஊர் ஊராக நிதி கேட்டார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் பிற திருச்சபைகளின் ஆதரவு கிட்டும் என்ற நிலை எழுந்தபோது, நெடுங்கால ஆதரவாளரான லூசி பீபாடி அதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்காக எழுந்த நிறுவனம் தன் நோக்கத்தை இழந்துவிடும் என்பது அவருடைய அச்சம். அய்டா நிறுவனம் பிழைக்கும் வழியைத் தேர்ந்தார். 1947 முதல் ஆண்களும் மருத்துவம் பயிலச் சேர்ந்தனர்.

அதற்கு முந்தைய ஆண்டே செவிலியர் பள்ளி கல்லூரியாக உயர்ந்திருந்தது. வேரா பிட்மேன் முதலான செவிலியர் தலைவர்களின் உழைப்பால் 1946-இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்புடன் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிற்று. அதே ஆண்டில் புது தில்லியிலும் ஒரு செவிலியர் கல்லூரி தொடங்கியது. இந்தியாவில் செவிலியப் பட்டம் பிறந்தது இவ்விரு இடங்களில்தான். அந்த ஆண்டு வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்னும் நிலையைச் சுட்டியிருந்தது. செவிலியரைத் தகுதியின் அடிப்படையில் பதிவு செய்யும் மன்றத்தைச் சென்னை மாகாணம் 1926-லேயே சட்டத்தால் அமைத்திருந்தது. அகில இந்திய அளவில் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947-இல்தான் வந்தது.

அய்டா 1946-இல் பொறுப்புகளிலிருந்து விலகிக் கொடைக்கானலில் வாழ்ந்தார். மருத்துவர் ஹில்டா லாசரஸ் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1960 மே 24 அன்று, 89-ஆம் வயதில், அய்டா கொடைக்கானலில் மறைந்தார்.

நம் முன் நிற்கும் கணக்கு

அய்டா ஸ்கடர் ஒரு காலனிய காலத்து வெள்ளை மறைப்பணியாளர். சாதி அமைப்பை நேர்கொண்டு எதிர்த்த அரசியல் அவரிடம் இல்லை. அவர் திறந்த வாசல் முழுமையானதும் அன்று. எனினும் கூலி மக்களின் பெண்கள் தொழிற்கல்வியும் சொந்த ஊதியமும் பெறும் வழிகள் மிகச் சிலவே இருந்த காலத்தில், அவ்வழிகளில் ஒன்று உறுதியாக நிலைக்கப் பாடுபட்டவர்களுள் அவரும் ஒருவர். வடசென்னையில் 1888-இல் மடில்டா மக்ஃபெயில் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் தொடங்கிய பணியும் அது வளர்ந்து நிற்கும் ரெய்னி மருத்துவமனையும் இதே மரபைச் சேர்ந்தவை. இந்த மரபை நாம் நன்றியோடும் கேள்வியோடும் ஏற்கிறோம்.

கேள்விகள் இன்றைய அரசை நோக்கியவை. செவிலியத்தின் வழியே தலைநிமிர்ந்த தலித் கிறித்தவக் குடும்பங்களை 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியலினத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அவ்வாணை திருத்தப்பட்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் கதவு திறக்கவில்லை. நோயாளி கேட்கும் சாதியும் வீட்டு உரிமையாளர் கேட்கும் சாதியும் மதம் மாறியதால் மறைந்துவிடவில்லை.

பணியின் நிலை என்ன? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று 2015 முதல் பணிக்கு வந்த செவிலியர்களுக்கு அரசு வழங்கியது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து போராடினர். கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பணிபுரிந்த ஒப்பந்தச் செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். துப்புரவுப் பணியோ ஒப்பந்த நிறுவனங்களிடம் சென்றுவிட்டது. தீட்டைத் தொடும் வேலைக்குக் குறைந்த கூலியே போதும் என்னும் பழைய மனம் ஒப்பந்தம் என்னும் புதிய சொல்லுக்குள் புகுந்து வாழ்கிறது.

ஆகவே நம்முடைய கோரிக்கைகள் தெளிவானவை. நிரந்தரப் பணியிடங்களில் நிரந்தர ஊதியத்தில் செவிலியரை நியமிக்க வேண்டும். மருத்துவமனைத் துப்புரவுப் பணியை அரசே நேரடியாக ஏற்க வேண்டும். ஆயாவாகவும் துப்புரவுப் பணியாளராகவும் உழைப்போர் பணியிலிருந்தபடியே செவிலியக் கல்விக்குச் செல்ல வழியமைக்க வேண்டும். சலோமிக்கு ஒரு தனி மனிதரின் நல்லெண்ணத்தால் கிடைத்தது, இன்று உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

மாணவிகளுக்கு ஒரு சொல். பட்டியலின, பழங்குடி மாணவருக்கும் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவருக்கும் சுயநிதிக் கல்லூரிகளிலும் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்பதற்கு 2012-ஆம் ஆண்டின் அரசாணை எண் 92 வழி செய்தது. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உரிய இந்த உதவித்தொகையைப் பற்றிச் சேர்க்கையின்போதே கேளுங்கள். முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டினால்தான் இடம் என்று சொல்லப்பட்டால் அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். எம்.கே.பி. நகர் பேருந்து நிறுத்தத்தில் காலை ஆறு மணிக்கு நிற்கும் அந்த மாணவி, கட்டணம் கட்ட முடியாமல் மூன்றாமாண்டில் படிப்பை நிறுத்திவிடக் கூடாது. அவருடைய தாய் அதே மருத்துவமனையில் தரை துடைக்கிறார் என்றால், அவர் படித்து முடிப்பது அந்த ஒரு வீட்டின் செய்தி மட்டுமன்று.